மேய்ந்த சேதியை முதலில் சொன்னவர்

சைகோனில் ஆறு வருஷம் மின்வேலி விற்றேன். ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ஆற்றைக் கடக்க ஃபெர்ரி ஏறும் ஒருத்தர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் நானும் சைகோன் என்றே எழுதுகிறேன். என்னிடம் வேலி வாங்கியவர்களில் பலருடைய முகம் மறந்துவிட்டது. ஒரே ஒருவரைப் பற்றி மட்டும், அவருக்கு வேலி போட்டுக்கொடுத்தவன் நான்தான் என்று இன்றைக்கும் காலரைத் தூக்கிவிட்டுச் சொல்லிக்கொள்வேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கூச்சப்படுவார். அக்கரையில் எல்லோருக்கும் அவர் இரண்டாம் அக்கா. தெற்கு வியட்நாமில் வீட்டு மூத்த பிள்ளையை இரண்டு என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள், ஒன்று யாருக்கும் கிடையாது. நான் காங்கேயத்துக்காரன், எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மிணி என்று கூப்பிட்டேன். அவர் அப்பா காரைக்காலிலிருந்து போய்ப் பள்ளிவாசல் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர், அம்மா வியட்நாம்காரர். ஆட்சி மாறியபோது தெருவே காலியாகி விமானம் ஏறியதாம், இவர்கள் மட்டும் ஏறவில்லை. அப்பா பேசிக் கேட்ட காரைக்கால் தமிழ்தான் அம்மிணியின் தமிழ். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் நான் அவருக்கு நானா, அதாவது அண்ணன்.

முதல் நாள் சமாச்சாரத்தைச் சொல்கிறேன். டிஸ்ட்ரிக்ட் 1 ஓட்டல்களின் கண்ணாடிச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே ஃபெர்ரியில் ஐந்து நிமிஷம் போனால் தூ தியெம். இறங்கிய இடத்திலிருந்து சேறும் கோரையும் கீரைப் பாத்திகளும்தான். பைக்குக்குப் பின்னால் வேலிக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் ஆடு கடித்துப் போட்ட ஒரு கட்டுக் கடுகுக் கீரையோடு அம்மிணி எதிரே வந்தார்.

"வாங்க நானா. ஒரு பத்து நிமிசம் நெழல்ல நில்லுங்க. ஆடு நாலாமவரு பாத்தியில எறங்கிடுச்சு. சொல்லிட்டு வந்துர்றேன்."

"அவரு கூப்பிட்டு உட்டாருங்களா?"

"இல்லியே. அவருக்கு இன்னம் தெரியாது. அதான் போறேன்."

நாலாமவர் பக்கத்து நிலத்தில் கீரை போடும் கிழவர், அவரும் எண்ணால்தான் அறியப்பட்டவர். அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிழவர் போட்ட சத்தம் எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது. வார்த்தை புரியாவிட்டாலும் தொனி எந்த ஊரிலும் ஒன்றுதானே. அம்மிணி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார், ஒன்றுமே நடக்காதது போல, "பசியாறிட்டீங்களா நானா?" என்றார். இது என்ன பிறவி என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இருபத்திரண்டு வெள்ளாடுகள். சொந்த நிலம் என்று வீட்டைத் தவிர ஒரு முழம் கிடையாது. ஆற்றோரக் கரைமேட்டில் மேய்த்துக்கொள்ள வார்டு அலுவலகம் ஒரு அனுமதிக் காகிதம் கொடுத்திருந்தது. அன்றைக்கு ஆடு இறங்கியதையும் கணக்கில் சேர்த்து, இனி ஒரு தடவை ஆடு கீரைக்குள் போனால் அந்தக் காகிதம் செல்லாது என்று மறுநாளே கடைசி எச்சரிக்கையும் கொடுத்துவிட்டார்கள். கரை போனால் ஆடு போகும், ஆடு போனால் அவர் பிழைப்பு போகும். இந்தப் பயத்தில்தான் முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வேலி விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கிளுவை வேலிக்குள் பிறந்து வளர்ந்தவன். ஒரு கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காட்டில், எத்தனை உருப்படி விடலாம், எப்போது அடுத்த காட்டுக்கு ஓட்டலாம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பேச்சு. மாட்டுக்கு மூக்கு உயரத்தில் ஒரே கம்பி போதும், ஒரு தடவை பட்டால் அந்தப் பக்கம் தலை வைக்காது. செம்மறிக்கு உடம்பெல்லாம் கம்பளி, கரண்டு ஏறாது, அதனால் மூக்கில் படும்படி இழுக்க வேண்டும். வெள்ளாடுதான் பெரிய போக்கிரி. அதற்கு நாலு கம்பி வேண்டும், கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, போனால் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதையெல்லாம் நான் விளக்கிச் சொல்ல, அம்மிணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

கம்பி இழுத்து முடித்ததும் ஆடுகளைப் பழக்க வேண்டும். பலா இலை என்றால் அங்கே ஆடு உயிரை விடும். இலைகளை நனைத்துக் கம்பியில் கட்டினோம், மோந்து பார்க்க வரும்போது ஈர மூக்கில் ஒரு சுண்டு விழும், பிறகு ஜென்மத்துக்கும் மறக்காது. பெட்டியைப் போடப் போனேன். அம்மிணி தடுத்தார்.

"இருங்க நானா. ஆடு தொடறதுக்கு முன்னாடி நான் தொட்டுக்கிறேன்."

"அதுக்குன்னு மீட்டர் இருக்குதுங்கம்மிணி. கையில புடிச்சுப் பார்க்கற சாமானா இது?"

"மீட்டருக்கு வலிக்குமா?"

செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்று கம்பியைத் தொட்டார். யா அல்லாவும், வியட்நாம்காரர்களின் ஐயோவான ட்ரோய் ஓயும் ஒரே மூச்சில் வந்தன. கையை உதறிக்கொண்டு, "சரி, இது தாங்கும், வுடுங்க," என்றார். அதற்குப் பிறகு நான் வேலி போட்ட இடங்களிலெல்லாம் முதலில் நானும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு கேள்வியும் கேட்டார். "பௌர்ணமிக்கு ஆறு ஏறுமே நானா, வேலிக்கு ஒண்ணும் ஆவாதா?"

எங்கள் ஊரில் கோடையில் மண் கட்டாந்தரையாகிவிடும், கரண்டு திரும்பி வராது, வேலி செத்துக் கிடக்கும். எர்த் கம்பி அடித்த இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். அந்தப் புத்தியில் வளர்ந்தவன் என்ன சொல்வான்? "ஏறட்டுங்கம்மிணி, எர்த்துக்கு ஈரம் எவ்வளவு இருக்குதோ அவ்வளவு நல்லதுங்க," என்றேன். வறண்ட காட்டுக்காரன் ஆற்றோரம் வந்து சொன்ன பதில் அது.

மேய்ச்சலில் அவர் படு கறார். கரைமேட்டை ஏழு துண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு துண்டில் எத்தனை நாள் என்று நான் கணக்குச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. முஷ்டியைப் புல்லுக்குப் பக்கத்தில் ஊன்றிப் பார்ப்பார். புல் முஷ்டி உயரத்துக்கு இறங்கிவிட்டால் அன்றைக்கே அடுத்த துண்டு. அதற்குக் கீழே மேயவிட்டால் புல்லோடு பூச்சியும் ஆட்டின் வயிற்றுக்குள் போகும், புல்லும் மறுபடி எழும்பாது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார், ஆடுகளை மாற்ற இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. எழுந்து வந்ததும் வார்டு அலுவலகத்துக்குப் போய், கரையின் மூன்றாம் துண்டில் புல்லை அடியோடு மேய விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அங்கிருந்தவர்களுக்கு அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியவில்லை.

இன்னொன்று. டிஸ்ட்ரிக்ட் 1 பக்கம் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு அவர் ஆடு கொடுப்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே உட்கார்ந்து பிரியாணிக்குக் காத்திருக்கிறேன், மூச்சு வாங்க உள்ளே வந்தார். சென்னைக்காரரான சமையல்காரரிடம் போய் நின்றார்.

"பாய், காலையில குடுத்த கெடாவ அறுக்காதீங்க. பத்து நாளைக்கி முன்னாடி வயித்துப் பூச்சிக்கு மருந்து ஊத்துனது, ரெண்டு வாரம் ஆவணும். மறந்து ஏத்திவுட்டுட்டேன். எந் தப்பு."

"அய்யோ அக்கா, இன்னாக்கா இப்ப வந்து சொல்ற? இன்னிக்கு வெள்ளிக்கெழமை, நான் எத்த வெச்சு பிரியாணி போடறது? மருந்து ஊத்துனது எவனுக்குத் தெரியப் போவுது?"

"அதான் எனக்குத் தெரியுதே பாய்."

சமையல்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அம்மிணி கெடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அத்தனை பைக்குகளுக்கு நடுவே ஃபெர்ரித் துறைக்கு நடந்து போனார். நான் அன்றைக்குக் கோழி பிரியாணி சாப்பிட்டேன்.

இந்தக் குணம் சில சமயம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஊரே தப்பை மூடி மறைத்துப் பிழைக்கும்போது, இவர் மட்டும் தன் தப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவானேன்? ஒரு தடவை கேட்டும்விட்டேன். "அவங்களா வந்து கேட்டா நான் பதில் சொல்லணும் நானா. நானாப் போனா, நடந்தத சொன்னாப் போதும். எது சுளுவு?" என்றார். சுளுவாம்! நாலாமவரின் வசவை முக்கால் மணி நேரம் நின்று கேட்பது இவருக்குச் சுளுவு.

வேலி ஏழு மாதம் பிரமாதமாக நின்றது. ஒரு ஆடுகூடத் தாண்டவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வார்டில் மாட்டுக்காரர்களுக்கும் அதே மாதிரி பத்து வேலி வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அம்மிணி வேலியைக் காட்டித்தான் அது முடிவாகும் என்று எங்கள் மானேஜர் நாளுக்கு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு பௌர்ணமி முடிந்த விடியலில் அம்மிணி போன் செய்தார். "வேலி செத்துப் போச்சு நானா, வாங்க," என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. முதல் ஃபெர்ரியைப் பிடித்துப் போனேன். ஆறு கரைமேட்டின் மேலேயே ஏறியிருந்தது. ஒரு சாண் உயரத்தில் நான் இழுத்த கீழ்க்கம்பி நீளத்துக்கும் தண்ணீருக்குள் கிடந்தது, கரண்டு முழுக்க ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரம் நல்லது என்று சொன்ன வாயை அப்போதே கழுவிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆடுகள் மேட்டை விட்டு, தண்ணீர் இல்லாத இடத்தைத் தேடி நாலாமவர் பாத்திக்குப் போயிருந்தன. அடுத்த நாள் சந்தைக்கு அறுக்க வேண்டிய கடுகுக் கீரை. கட்டைதான் மிச்சம்.

நாலாமவர் ஊரில் இல்லை, திதி கொடுக்க மகள் வீட்டுக்குப் போயிருந்தார், பின்மதியம்தான் வருவார். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சேற்றில் நின்றோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பெய்தால் குளம்புத் தடமெல்லாம் அழிந்துவிடும். அதோடு, பக்கத்து மாட்டுக்காரர் மாடு அறுத்துக்கொண்டு வருவது அங்கே சகஜம். இதெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. அவருடைய காகிதத்தை நினைத்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பத்து வேலியைத்தான் அதிகம் நினைத்தேன்.

"அம்மிணி, யாருமே பாக்கலீங்க. இப்ப மழை வந்துரும். மாடு வந்து மேஞ்சிருக்கும்னு அவரே நெனச்சுக்குவாருங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"டெய்லி அந்த மாட்டுக்காரரு குடுக்குற பாலுலதான் எங்க உம்மாவுக்குக் காப்பி போடுறேன் நானா. அவரு மேல பழியப் போட்டுட்டு நாளைக்கி அந்தப் பால எப்புடி வாங்குறது?"

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். எட்டு மணிக்கு வார்டு அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன், ஏன் போனேன் என்று தெரியாமல்.

வார்டு அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், கண்டிப்பானவர். பேச்சு வியட்நாமியத்தில் நடந்தது, அதற்குள் கேட்டுப் புரிந்துகொள்கிற அளவுக்கு எனக்கு வந்திருந்தது.

"என் ஆடுகள் நாலாமவர் பாத்தியில் மேய்ந்துவிட்டன," என்றார் அம்மிணி.

"யார் பார்த்தது?"

"நான் பார்த்தேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்த தடவை என்ன ஆகும் என்று சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"கரண்டு வேலி போட்டிருந்தாயே? அது என்ன ஆயிற்று?"

தன் தப்பைச் சொல்ல அவ்வளவு அவசரப்படுகிறவருக்கு அடுத்தவன் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. நான் அங்கே நிற்கிறேன், என் சட்டையில் கம்பெனிப் பெயர் இருக்கிறது, இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஓரடி முன்னால் வந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமியத்தில், "வேலி நான் போட்டது. தண்ணீர் ஏறும் என்று இவர் கேட்டார். நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது," என்றேன். அதை எப்படி உச்சரித்தேனோ, பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். ஆனால் என் வாழ்க்கையில் நான் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். அது என் பேச்சுக்கூட இல்லை, அம்மிணியோடு ஏழு மாதம் பழகியதால் வந்தது.

எங்கள் இரண்டு பேர் நேர்மையையும் பார்த்து அதிகாரி உருகிவிடவில்லை. காகிதத்தில் எழுதியது எழுதியதுதான் என்றார். கரை ரத்து. எனக்கும் பத்து வேலி ரத்து. மானேஜர் என்னை என்னென்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

அன்றைக்குப் பின்மதியம் நாலாமவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அம்மிணி போய் நின்று சொல்லிவிட்டார். கிழவர் அன்றைக்குச் சத்தம் போடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். தன் பயணப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாராம்.

பதினொரு நாள் ஆடுகள் பட்டிக்குள்ளேயே நின்றன. அம்மிணி விடியலில் பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டோரப் புல் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வாய்க்கு அது எந்த மூலைக்கு? ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. எட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, எந்த எட்டு என்றும் பிரித்து நிறுத்திவிட்டார். நான் சாயங்காலம் போய்க் கீழ்க்கம்பிக்குத் தனி ஸ்விட்ச் வைத்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் ஏறினால் அதை மட்டும் அணைத்துவிட்டால் மற்ற மூன்று கம்பியும் உயிரோடிருக்கும். கரையே இல்லாதபோது இந்த வேலை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தப்பைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை வார்டிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். உள்ளே அதிகாரிக்கு எதிர் நாற்காலியில் நாலாமவர் உட்கார்ந்திருந்தார், சலவைச் சட்டை போட்டிருந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சை நடுவிலிருந்துதான் கேட்டோம்.

"முப்பது வருஷமா அங்க கீரை போடறேன். யார் யார் மாடோ ஆடோ வருது, மேயுது, போவுது. யாருதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒருத்தரும் சொன்னதில்ல. இவளோட ஆடு வந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். நீங்க அந்தக் கோப்பை எடுத்துப் பாருங்க, நான் ஒரு புகாராவது குடுத்திருக்கேனா?"

அதிகாரி கோப்பை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார், அடுத்த தாளில் நிறுத்தினார், அதற்கு அடுத்ததிலும். இத்தனை நாளும் அம்மிணி மேல் வந்த புகார்கள் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்த அத்தனையும் அம்மிணியே கொடுத்தவை. மற்றவர்கள் மேல் ஒரு புகாரும் இல்லை, ஏனென்றால் மற்றவர்கள் யாரும் வந்து சொல்லவில்லை.

பிறகு அதிகாரி கடைசித் தாளைத் தன் பக்கம் இழுத்து, அதில் வார்டு ஆள் வந்து பார்த்து எழுதியிருந்த கணக்கை நாலாமவருக்காக வாசித்தார். "கடைசியாக மேய்ந்தது, இரண்டு பாத்தி. இதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை, அப்படித்தானே?"

"இல்லை," என்றார் நாலாமவர்.

"மூன்று பாத்தி," என்றார் அம்மிணி பின்னாலிருந்து.

நாலாமவர் நாற்காலியோடு திரும்பினார். மூன்றாவது பாத்தியையும் இவர் ஆடுதான் மேய்ந்தது என்று அந்த மனுஷருக்கே தெரியாது. நான் என் வாழ்நாளில் ஒருத்தரைப் பார்த்து அவ்வளவு கர்வப்பட்டதில்லை, என் கண் கலங்கியதைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்தார், பார்க்கட்டும். அதிகாரி அம்மிணியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். அதற்குக் கீழேயே கரைக்கான அனுமதி முத்திரையைக் குத்தினார்.